பொம்மைக்கு நின்ற வண்டிகள்

லாண்டரி அக்கா அந்தப் பெண்ணை முதன்முதலாகப் பார்த்தபோது, வீட்டில் ஏதோ சண்டை போட்டுக்கொண்டு வந்துவிட்டாள் போலிருக்கிறது என்றுதான் நினைத்தாள்.

கடையின் கண்ணாடிச் சுவருக்கு நேர் எதிரே, சாலையின் குறுக்கே வெள்ளைக் கோடுகள். அக்கா இஸ்திரி மேஜையை அந்தக் கண்ணாடியைப் பார்த்தபடிதான் போட்டு வைத்திருந்தாள். நாள் முழுக்க நின்றுகொண்டே தேய்க்கிறவளுக்குக் கண்ணுக்காவது ஒரு பொழுதுபோக்கு வேண்டாமா? அன்று காலை ஒரு சட்டையின் கைகளைத் தேய்த்துவிட்டு நிமிர்ந்தாள். நீலநிறக் குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் கோட்டின்மேல் நடந்து எதிர்ப்பக்கம் போனாள். முதுகைத் தேய்த்துவிட்டு நிமிர்ந்தாள். அதே பெண் இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தாள். காலரை முடித்தபோது மறுபடியும் அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தாள்.

வழி தெரியாதவள் என்றால் யாரையாவது கேட்பாள். இவள் யாரையும் கேட்கவில்லை. சாலையின் ஒரு கரையில் கொஞ்ச நேரம் நிற்பாள், இறங்குவாள், நடப்பாள், திரும்புவாள். வண்டிகள் அவளை உரசாத குறையாகப் பறந்தன. ஒன்றுகூட நிற்கவில்லை. அதில் அக்காவுக்கு ஆச்சரியம் ஒன்றுமில்லை. அந்தக் கோட்டில் யாரும் நின்று அவள் பார்த்ததே கிடையாது. போன மழைக்காலத்தில் மாடியில் குடியிருக்கும் பாட்டு டீச்சரை அங்கேதான் ஒரு கார் இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போயிற்று. இடுப்பெலும்பு முறிந்து, டீச்சர் இப்போது வாக்கரை ஊன்றித்தான் நடக்கிறார். அதற்குப் பிறகு தெருவே சேர்ந்து காவல் நிலையத்தில் மனு கொடுத்தது. அந்தக் கோட்டுக்கு ஏதாவது செய்யுங்கள் என்று. முதல் கையெழுத்து அக்காவுடையது.

வெயில் ஏறிக்கொண்டே போனது. அக்காவால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டு வெளியே போய் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்தாள்.

"உள்ள வாம்மா. நீ வாடினாலும் பரவாயில்ல, பச்சப்புள்ள இந்த வெயில்ல என்ன ஆகும்?"

அந்தப் பெண் திருதிருவென்று விழித்தாள். ஆனாலும் வந்தாள். அக்கா அவளை மின்விசிறிக்கு அடியில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டு, குழந்தை வண்டியின் வலையை மெதுவாக விலக்கினாள். கழுத்துவரை போர்வை. சின்ன முகம். ஒரு கண் மூடியிருந்தது, ஒரு கண் பாதி திறந்திருந்தது. கன்னத்தைத் தொட்டாள். பிளாஸ்டிக்.

அக்கா கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டுப் பொம்மையை வைத்துக்கொண்டு அலைகிறவர்களைப் பற்றி அவள் கேள்விப்பட்டிருக்கிறாள். போர்வையை இழுத்துச் சரிசெய்துவிட்டு, குரலை மிகவும் தணித்துக்கொண்டு கேட்டாள்.

"எப்பலேர்ந்தும்மா இப்படி?"

"இன்னைக்குக் காலையிலதான் குடுத்தாங்க."

"யாரும்மா குடுத்தது?"

"இன்ஸ்பெக்டர்."

அந்தப் பெண் கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, துப்பட்டாவை லேசாக விலக்கினாள். கழுத்தருகே குண்டூசித் தலை அளவுக்கு ஒரு மைக் இருந்தது.

"நான் போலீஸ்க்கா. டிராஃபிக். கோட்டுல ஆள் நடக்கும்போது நிக்காத வண்டி நம்பரை இதுல சொல்லுவேன். அந்த வளைவு தாண்டி எங்க ஆளுங்க நிக்கிறாங்க, அவங்க பிடிச்சு ஃபைன் போடுவாங்க. நீங்கல்லாம் மனு குடுத்தீங்கல்ல? அதுக்குத்தான். காட்டிக் குடுத்துடாதீங்கக்கா."

அக்காவுக்குச் சிரிப்பும் வந்தது, நிம்மதியும் வந்தது. மனுவை யாரோ படித்திருக்கிறார்கள்! "நான் ஏம்மா சொல்லப் போறேன்? நல்லாப் பிடிங்க, ஒருத்தனையும் விடாதீங்க" என்று சொல்லி, பொம்மையின் தலைமாட்டுக்கு ஒரு துவாலையையும் மடித்து வைத்து அனுப்பினாள். அதற்குப் பிறகு அந்தப் பெண் கோட்டில் இறங்கும்போதெல்லாம் அக்கா கண்ணாடி வழியாகப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தாள்.

அந்தச் சந்தோஷம் அன்று பிற்பகல் வரைதான் இருந்தது.

அக்காவின் கணவன்தான் லாண்டரியின் வேனை ஓட்டுகிறவன். ஓட்டல்களிலிருந்து அழுக்குப் படுக்கை விரிப்புகளை அள்ளிக்கொண்டு வருவதும், வெளுத்ததைக் கொண்டுபோய்க் கொடுப்பதும் அவன் வேலை. அன்று மூட்டையோடு உள்ளே வந்தவன், மூட்டையை இறக்கவில்லை, போட்டான்.

"ஃபைன் போட்டுட்டானுங்க. என் கடை வாசல்ல, எனக்கே!"

எல்லா வண்டியையும் நினைத்த அக்கா, தங்கள் வண்டியை நினைக்கவில்லை.

"நீங்க நிக்கலையா?"

"எதுக்கு நிக்கணும்? அந்தப் பொம்பளை கரையிலேர்ந்து அப்பத்தான் காலை எடுத்து வச்சா. நான் பாட்டுக்கு வந்துட்டேன். வளைவு தாண்டினா நாலஞ்சு பேர் வழிமறிச்சு நிக்கிறான். அதுல ஒருத்தன் சிரிச்சுக்கிட்டே சொல்றான், அது பொம்மைக் குழந்தையாம். பொய்யான குழந்தைக்கு நிஜமான ஃபைனா? இது எந்த ஊர் நியாயம்?"

"அது நிஜக் குழந்தையா இருந்திருந்தா?"

"நிஜக் குழந்தையா இருந்தா நான் நின்னிருப்பேன்!"

"உங்களுக்குத்தான் அது பொம்மைன்னு தெரியாதே. அப்பவும் நீங்க நிக்கலையே."

அந்தக் கேள்விக்குப் பதில் எங்கேயோ இருக்கிறது, கைக்குத்தான் அகப்படவில்லை என்பதுபோல அவன் அண்ணாந்து பார்த்தான். பிறகு சட்டென்று அவளைப் பார்த்தான்.

"நீ ஏன் ஆச்சரியப்படவே இல்ல?"

அக்கா ஒரு தலையணை உறையை எடுத்து உதறினாள்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"காலையிலதாங்க தெரியும். சொல்லாதேன்னு சொல்லுச்சு அந்தப் பொண்ணு."

"யாரோ ஒருத்தி சொல்லாதேன்னா, கட்டின புருஷன்கிட்டயும் சொல்ல மாட்ட. ஒரு போன் போட்டிருந்தா போதுமே, நின்னிருப்பேனே!"

நின்றிருப்பார்தான். அக்காவுக்கு அது தெரிந்தே இருந்தது. ஆனால் போலீஸ் என்று தெரிந்து நிற்பதற்காகவா மனு கொடுத்தோம்? அதைச் சொல்ல வாயெடுத்தவள், மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தவனின் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டாள். சொல்லியிருக்க வேண்டும் என்று ஒரு மனம் சொன்னது. சொல்லியிருந்தால் அந்தப் பெண்ணுக்குத் துரோகம் என்று இன்னொரு மனம் சொன்னது. அன்று முழுக்க எந்தத் துணியை எந்த அலமாரியில் வைத்தோம் என்றே அவளுக்கு நினைவில்லை. பல் டாக்டரின் வெள்ளை அங்கியை ஓட்டல் சமையல்காரருக்குக் கொடுத்து அனுப்பிவிட்டாள்.

விஷயம் ஒளிந்திருக்கிற விஷயமா? பக்கத்துக் கடைச் சாவிக்காரருக்குத் தெரிந்தால் போதும், ஊருக்கே தெரிந்த மாதிரிதான். அவர் மைத்துனரும் அந்த வளைவில் மாட்டியிருந்தார். மறுநாளே தன் கடை வாசலில் ஓர் அட்டையைத் தொங்கவிட்டார். 'பொம்மைக் குழந்தை உலாவுகிறது. மெதுவாகச் செல்லவும்.'

"ஏன்ணே இப்படி எழுதியிருக்கீங்க? போலீஸ் பிரச்சினை பண்ண மாட்டாங்களா?" என்றாள் அக்கா.

"மெதுவாப் போன்னுதானே எழுதியிருக்கேன்? அவங்க சொல்ல வேண்டியதை நான் சொல்றேன். இதுல என்ன தப்பு?" சாவிக்காரர் அரத்தை ஆட்டியபடி குரலைத் தாழ்த்தினார். "உனக்கு ஒண்ணு தெரியுமா? அவங்களுக்கு டார்கெட் இருக்காம். மாசத்துக்கு இத்தனை பேரை மாட்ட வைக்கணும்னு. பாதுகாப்பாவது, மண்ணாவது. எல்லாம் கணக்கு காட்டத்தான்."

லாண்டரிக்கு வந்தவர்கள் எல்லோரும் இதையே பேசினார்கள். மருந்துக்கடைக்காரர், "பிடிக்கட்டும், நல்லாப் பிடிக்கட்டும்" என்றார். அவருக்கு வண்டி கிடையாது. ஸ்கூட்டரில் வருகிற நர்ஸ், முந்தின நாள் போலீஸைத் திட்டித் தீர்த்தவள், மறுநாள் தன் மகளைக் கைப்பிடித்துக்கொண்டு கோட்டைத் தாண்டி வந்து, "இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும்க்கா" என்றாள். ஸ்கூட்டரில் ஏறியதும் திரும்பவும் திட்டினாள். அக்கா இருபக்கமும் தலையாட்டிக்கொண்டே இருந்தாள். கேட்கும்போது ஒவ்வொருவர் சொல்வதும் நியாயமாகத்தான் பட்டது.

ஆனால் ஒன்று நடந்தது. வண்டிகள் நிற்க ஆரம்பித்தன.

சாவிக்காரரின் அட்டையைப் பார்த்துத்தான் நின்றார்களா, வாய்வழிப் பேச்சைக் கேட்டு நின்றார்களா தெரியாது. யார் கோட்டில் கால் வைத்தாலும் சரி, கைப்பை வைத்திருப்பவள், நாயைப் பிடித்திருப்பவர், யாராக இருந்தாலும் இருபக்கமும் வண்டிகள் கப்சிப்பென்று நின்றன. ஒருநாள் பாட்டு டீச்சர் மாடியிலிருந்து இறங்கி வந்து, வாக்கரை ஊன்றி, விபத்துக்குப் பிறகு முதல் தடவையாகக் கோட்டில் இறங்கினார். அக்கா இஸ்திரிப் பெட்டியைக் கையில் பிடித்தபடியே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பஸ், பின்னால் இரண்டு கார், எதிரே ஒரு லாரி, எல்லாம் நின்றன. டீச்சர் நடுவில் நின்று பஸ் டிரைவருக்கு ஒரு கும்பிடு போட்டார். அவன் பதிலுக்கு முறைத்தான்.

திரும்பி வந்த டீச்சரின் முகம் மலர்ந்திருந்தது. "பாத்தியா? வயசானவளுக்கு ஒரு மரியாதை இருக்கத்தான் செய்யுது."

"உங்களைப் போலீஸ்னு நினைச்சிருப்பாங்க டீச்சர்" என்றார் சாவிக்காரர், சும்மா இருக்க மாட்டாமல். "வாக்கரும் வேஷம்னு நினைச்சிருப்பான்."

டீச்சரின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

"அப்ப எனக்கு நிக்கலையா?"

"நின்னாங்களே டீச்சர்" என்றாள் அக்கா அவசரமாக. "எதுக்கு நின்னா என்ன?"

"அதுவும் சரிதான்" என்றார் டீச்சர். ஆனால் மாடிப்படியில் ஏறும்போது, ஒவ்வொரு படிக்கும் நின்று நின்று, எதையோ தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டு போனார்.

அந்த வாரக் கடைசியில் போலீஸ்காரப் பெண் லாண்டரிக்குள் வந்து, குழந்தை வண்டியைச் சுவரோரம் நிறுத்திவிட்டு, தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"என்னம்மா, உடம்பு சரியில்லையா?"

"எல்லாரும் நிக்கிறாங்கக்கா."

"ஆமா, பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன். கண்கொள்ளாக் காட்சியா இருக்கு."

"அதான் பிரச்சினை. இன்னைக்குக் காலையிலேர்ந்து ஒரு ஃபைன்கூட இல்ல. நேத்தும் இல்ல. இன்ஸ்பெக்டர் கூப்பிட்டு, என்னம்மா, தூங்குறியான்னு கேக்கறார்."

அக்காவுக்குப் புரியவில்லை. "நிக்க வைக்கத்தானே வந்தே?"

"அதுக்குத்தான் வந்தேன்."

"எல்லாரும் நிக்கிறாங்கல்ல?"

"நிக்கிறாங்க."

"அப்ப ஜெயிச்சுட்டேல்ல?"

"அப்படித்தான் நானும் நினைச்சேன். ஆனா நின்ன வண்டியை எந்தக் கணக்குலக்கா எழுதறது? ஃபைன் போட்டாத்தான் நான் வேலை செஞ்சேன்னு அர்த்தம். நாலு பேர் உயிர் பொழைச்சிருக்கலாம், அதுக்கு ஃபாரத்துல ஒரு கட்டம் இல்லையே."

அக்கா அவள் எதிரே உட்கார்ந்து அதைத் திரும்பத் திரும்ப யோசித்தாள். துணியில் கறை போய்விட்டால் வாடிக்கையாளர் சந்தோஷப்படுவார். கறை போய்விட்டதே என்று கோபப்படுகிற வாடிக்கையாளரை அவள் பார்த்ததில்லை. சாவிக்காரர் சொன்னது உண்மைதானா? உண்மை என்றால் இந்தப் பெண் கெட்டவளா? அப்படித் தெரியவில்லையே. வியர்த்துப் போய், செருப்புப் பட்டை கடித்த குதிகாலைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அன்று மாலையே இன்ஸ்பெக்டர் நேரில் வந்தார். மரியாதையான மனிதர். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பேசினார். வண்டி ஓட்டுகிறவர்கள் தூரத்திலேயே குழந்தை வண்டியைப் பார்த்துவிடுகிறார்களாம். கோட்டுக்குப் பக்கத்தில் லாண்டரி வேனை நிறுத்திக்கொண்டால், அதன் மறைவிலிருந்து வெளியே வரலாம். தெருக்காரர்களின் பாதுகாப்புக்குத்தான். "உங்க ஃபைனைப் பத்தியும் பேசிக்கலாம்" என்று கடைசியில் ஒரு வார்த்தை சேர்த்தார்.

அக்கா தன் கணவனைப் பார்த்தாள். இத்தனை நாளாக வானத்துக்கும் பூமிக்கும் குதித்தவன், சாவிக்காரரோடு சேர்ந்துகொண்டு போலீஸைக் கழுவிக் கழுவி ஊற்றியவன், இப்போது வேனைத் தர மாட்டேன் என்று முகத்திலடித்த மாதிரி சொல்லப்போகிறான் என்று காத்திருந்தாள்.

"அதுக்கென்ன சார், நிறுத்திக்குங்க" என்றான் அவன். "நானே உள்ள உக்காந்துக்கறேன், சந்தேகம் வராது."

இன்ஸ்பெக்டர் போனதும் அக்கா கேட்டாள். "ஏங்க, உங்களுக்கு என்ன ஆச்சு?"

"நான் மட்டும் ஏமாளியா? மத்தவனும் மாட்டட்டும்."

"அநியாயம்னு சொன்னீங்களே."

"அநியாயம்தான். எல்லாருக்கும் பொதுவா நடந்தா அப்புறம் என்ன?"

அக்கா துணிகளை மடிக்கப் போய்விட்டாள்.

மறுநாள் காலை வேன் கோட்டை ஒட்டி நின்றது. சாவிக்காரர் அதைப் பார்த்துவிட்டு, அக்காவைப் பார்த்துவிட்டு, தன் ஸ்டூலைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டார். அன்றுவரை தினமும் காலையில் அக்காவுக்குச் சேர்த்துத்தான் டீ வாங்குவார். அன்று ஒரே ஒரு டீதான் வாங்கினார்.

முதலில் ஒரு கார் மாட்டியது. பிறகு ஒரு பைக். வேனுக்குள்ளிருந்து கணவன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். அக்கா பார்க்காததுபோல இருந்தாள்.

அடுத்து மெத்தை ஏற்றிய சின்ன லாரி ஒன்று வந்தது. வேகமாக வந்ததா என்று பின்னால் பலரும் அக்காவைக் கேட்டார்கள். அவளுக்கு இன்றுவரை சொல்லத் தெரியவில்லை. ரொம்ப வேகமில்லை, மெதுவாகவும் இல்லை. வேனின் மறைவிலிருந்து குழந்தை வண்டி வெளியே வந்தது. பிரேக் போடும் சத்தத்தில் அக்காவுக்குப் பல் கூசியது. லாரி நின்றுதான் விட்டது. ஆனால் நிற்பதற்கு ஒரு முழம் முன்னால் குழந்தை வண்டியின் சக்கரத்தைத் தட்டிவிட்டது. போலீஸ்காரப் பெண் பின்பக்கமாக விழுந்தாள். குழந்தை வண்டி ஒரு சுற்றுச் சுற்றிக் கவிழ்ந்தது. போர்வை ஒரு பக்கம், துவாலை ஒரு பக்கம். பொம்மை உருண்டுபோய் நடுச்சாலையில் குப்புறக் கிடந்தது.

பின்னால் வந்த வண்டிகள்கூட ஹாரன் அடிக்கவில்லை.

லாரியிலிருந்து இறங்கினான் அதன் டிரைவர். நடு வயதுக்காரன். கதவைச் சாத்தவில்லை. நடந்து வந்து பொம்மைக்கு ஓரடி தள்ளி நின்றான். தொடவில்லை. பிறகு தன் சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினான், சட்டையை எடுத்துப் பொம்மையின் மேல் தலைமுதல் கால்வரை மூடினான். மூடிவிட்டு அதன் பக்கத்திலேயே சாலையில் உட்கார்ந்துவிட்டான்.

பொம்மை என்று தெரிந்தவர்கள் அந்தத் தெருவில் எத்தனையோ பேர் இருந்தார்கள். யாருக்கும் போய்ச் சொல்லக் கால் வரவில்லை. வேனுக்குள் அக்காவின் கணவன் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி சிலையாக இருந்தான். கடைசியில் அக்காதான் போனாள். குனிந்து அந்த ஆளின் தோளைத் தொட்டாள்.

"தம்பி, அது பொம்மைப்பா."

"பாக்காதீங்கக்கா" என்றான் அவன். "மூஞ்சியப் பாக்காதீங்க."

"தம்பி, நான் சொல்றதக் கேளு. பொம்மைப்பா அது. பிளாஸ்டிக்."

அவன் காதில் ஏறவில்லை. அக்கா சட்டையை விலக்கிப் பொம்மையைத் தூக்கி அவன் முகத்துக்கு நேரே காட்டினாள். மூக்கு நசுங்கியிருந்தது. அவன் வெகுநேரம் பார்த்தான்.

"அப்ப குழந்தை எங்க?"

"குழந்தையே இல்ல தம்பி."

"அந்தம்மா அங்க உக்காந்திருக்காங்களே. அவங்க குழந்தை எங்க?"

"அவங்க அம்மா இல்லப்பா. போலீஸ்."

அவன் போலீஸ்காரப் பெண்ணைப் பார்த்தான். அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, இன்னும் எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருந்தாள். அவன் திரும்ப அக்காவைப் பார்த்தான். அவனுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவன் எப்போது அழ ஆரம்பித்தான் என்று அருகிலிருந்த அக்காவுக்கே தெரியவில்லை.

அவனைக் கைத்தாங்கலாகக் கடைக்குள் கொண்டு வந்தார்கள். அக்கா வேறு என்ன செய்வதென்று தெரியாமல், தார்க்கறை படிந்த அவன் சட்டையை வாங்கி ஊறப்போட்டாள். பனியனோடு, உலர்த்தும் இயந்திரத்தின் பக்கத்தில் அவன் உட்கார்ந்திருந்தான். வெளியே சண்டை தொடங்கிவிட்டது. "ஒரு மனுஷன் செத்துப் பொழைச்சிருக்கான், இதுக்கு யாரைப் பிடிச்சு உள்ள போடறது?" என்று சாவிக்காரர் கத்தினார். "நிஜக் குழந்தையா இருந்தா என்ன ஆகியிருக்கும்? அந்த வேகத்துல வரலாமா?" என்று மருந்துக்கடைக்காரர் திருப்பிக் கத்தினார். "நிஜக் குழந்தையை வேனுக்குப் பின்னாடி ஒளிச்சு வச்சு எந்தத் தாயாவது தள்ளுவாளாய்யா?" என்றது இன்னொரு குரல். அது நர்ஸ்.

போலீஸ்காரப் பெண் உள்ளே வந்தாள். கண்கள் சிவந்திருந்தன. அவளைப் பார்த்ததும் லாரிக்காரன் எழுந்து நின்றான்.

"எழுதிடுங்க மேடம்."

"உக்காருங்கண்ணே."

"இல்ல, எழுதிடுங்க. கொஞ்சம் வேகமாத்தான் வந்தேன். மெத்தை நேரத்துக்குப் போகணும்னு. எழுதுங்க."

"நீங்க நின்னீங்கண்ணே. நான்தான் குறுக்க வந்தேன்."

"மேடம், நான் ஒரு குழந்தையைக் கொன்னுட்டேன்னு நினைச்சு அங்க உக்காந்திருந்தேன். இப்ப ஒண்ணுமே நடக்கலைன்னு சொல்றீங்க. ஏதாவது ஒண்ணு எழுதிக் குடுத்தீங்கன்னா, அதைக் கையில எடுத்துக்கிட்டாவது வீட்டுக்குப் போவேன். வீட்டுல கேட்டா நான் என்னத்தச் சொல்றது?"

அவள் இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள். அவர் அப்போதுதான் உள்ளே வந்து, தொப்பியைக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தார்.

"ஒண்ணும் எழுத வேண்டாம்" என்றார். "ஒண்ணும் நடக்கல. அவரை அனுப்பும்மா."

கேட்காதவர்களுக்கெல்லாம் எழுதிக் கொடுத்தவர்கள், கைநீட்டிக் கேட்டவனுக்கு எழுதிக் கொடுக்கவில்லை. சட்டை உலர்ந்ததும் அக்கா அதைத் தேய்த்துக் கொடுத்தாள். அவன் போட்டுக்கொண்டு, பொத்தான்களை மாற்றி மாட்டிக்கொண்டு, லாரியில் ஏறிப் போனான்.

அதோடு குழந்தை வண்டி அந்தத் தெருவுக்கு வருவது நின்றுவிட்டது. அன்று வேன் அதே இடத்தில் வெகுநேரம் நின்றது. அக்காவின் கணவன் மத்தியானம் வரை இறங்கவில்லை. இறங்கியதும் யாரிடமும் சொல்லாமல் போய், பேசிக்கொள்ளலாம் என்று இன்ஸ்பெக்டர் சொன்ன தன் அபராதத்தைக் கட்டிவிட்டு வந்தான். ஏன் கட்டினான் என்று அக்கா கேட்கவில்லை.

அக்கா மாடிக்குப் போய்ப் பாட்டு டீச்சரிடம் கேட்டுப் பார்த்தாள். "நீங்க சொல்லுங்க டீச்சர். அவங்க செஞ்சது நல்லதா, கெட்டதா?"

"என் இடுப்பைக் கேட்டா நல்லதுங்குது" என்றார் டீச்சர். "ஆனா அந்தப் புள்ளையாண்டான் ரோட்டுல உக்காந்திருந்தான் பாரு, ஜன்னல்லேர்ந்து பாத்தேன். என்னை இடிச்சவன் இறங்கிக்கூடப் பாக்கல. பிரேக் போட்டு நின்னவன் உக்காந்து அழறான். எனக்கு ஒண்ணும் விளங்கலம்மா."

சில வாரங்கள் கழித்துப் போலீஸ்காரப் பெண் ஒரு பையோடு வந்தாள். அவளை அலுவலகத்துக்குள்ளேயே போன் எடுக்கிற வேலைக்கு மாற்றிவிட்டார்களாம். பையில் அவளுடைய சீருடை. பொம்மையோடு நடந்த நாட்களில் உடுத்தாமலே மடிப்பில் கிடந்து, மடித்த இடமெல்லாம் கோடு விழுந்திருந்தது. மேஜைமேல் அதை விரித்துப் போட்டுவிட்டு, அவள் கேட்டாள்.

"நான் செஞ்சது தப்பாக்கா?"

அக்கா அந்தக் கோடுகளை விரலால் நீவிப் பார்த்தாள். என்ன சொன்னாலும் பாதி பொய்யாக இருக்கும்போல இருந்தது.

"கஞ்சி போடவா, வேண்டாமா?" என்று கேட்டாள்.

"கொஞ்சமாப் போடுங்க" என்றாள் அந்தப் பெண்.

கோட்டில் இப்போது சில வண்டிகள் நிற்கின்றன, சில நிற்பதில்லை. சாவிக்காரர் ஒருநாள் காலை, எதுவும் நடக்காததுபோல, அக்காவுக்கும் சேர்த்து டீ வாங்கிக்கொண்டு வந்தார்.

அன்று ஓட்டல் சரக்கு அதிகம் என்று அக்காவும் வேனில் ஏறிக்கொண்டாள். ஊரின் மறுகோடியில், சுற்றிலும் கிடங்குகளாக இருந்த ஒரு சாலையில், வெள்ளைக் கோட்டின் முன்னால் அவள் கணவன் வேனை நிறுத்தினான். அக்கா இடப்பக்கம் பார்த்தாள், வலப்பக்கம் பார்த்தாள். ஒரு ஈ காக்கை இல்லை. பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்தது.

"யாருமே இல்லையேங்க."

"தெரியுது" என்றான்.

"அப்ப எதுக்கு நிக்கிறீங்க?"

அவன் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். ஹாரன் மறுபடியும் அலறியது.

"தெரியல" என்றான். வேன் அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.